முக்திநாத்துக்குச் சிறிய விமானத்தில் அப்பா அம்மாவை அனுப்பலாமா?

வாசகர் கேள்வி: எங்கள் ஊர் திருப்பதிசாரம். அப்பாவுக்கு 68 வயது, அம்மாவுக்கு 63. திருவாழ்மார்பனையும் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளையும் சேவித்தே வளர்ந்தவர்கள். திவ்யதேசங்களில் பெரும்பாலானவற்றைப் பார்த்துவிட்டார்கள், நேபாளத்தில் இருக்கும் முக்திநாத் பாக்கி. வரும் மே மாதக் கடைசியில் நாகர்கோவிலிலிருந்து ஒரு குழுவோடு போக முன்பணம் கட்டிவிட்டார்கள். பொக்காராவிலிருந்து, கோவிலுக்குக் கீழே உள்ள ஜோம்சோம் வரை சிறிய விமானம் என்கிறார்கள். 2022-ல் அதே வழியில் ஒரு விமானம் காணாமல் போய், அதிலிருந்த எல்லோரும் இறந்த செய்தியை இப்போதுதான் படித்தேன். அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. பெங்களூரில் இருக்கும் தம்பி ‘ரத்து பண்ணு’ என்கிறான். அப்பா ‘பெருமாள் பார்த்துக்குவார்’ என்கிறார். சிறிய விமானம் என்றாலே ஆபத்தா? இந்தக் காலத்தில் ஒரு விமானம் எப்படிக் காணாமல் போகும்? ஹெலிகாப்டரில் போனால் பரவாயில்லையா?

பதில் (ஓய்வுபெற்ற விமானப் பயிற்றுநர், நாகர்கோவில்):

அன்புள்ள சகோதரிக்கு,

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயணத்தை ரத்து செய்ய வேண்டாம். ஆனால் இப்போது இருக்கிற திட்டத்தோடு அனுப்பவும் வேண்டாம். மாதத்தை மாற்றுங்கள். பொக்காராவில் கூடுதலாக இரண்டு நாள் சேருங்கள். விமானம் கிளம்பாவிட்டால் ஜீப்பில் போவது என்று இப்போதே பேசி வையுங்கள். இதெல்லாம் முடியாது என்று குழுக்காரர் சொன்னால், முன்பணம் போனாலும் போகட்டும், வேறு குழுவைப் பாருங்கள்.

இனி காரணங்களைச் சொல்கிறேன்.

நீங்கள் படித்தது நேபாளத்தின் தாரா ஏர் நிறுவன விமானத்தைப் பற்றி. 2022 மே 29, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சற்று முன் அது பொக்காராவிலிருந்து கிளம்பியது. மொத்தமே இருபது நிமிடப் பயணம். மூன்று ஊழியர்கள், 19 பயணிகள், ஆக 22 பேர். அதில் மும்பைக்குப் பக்கத்துத் தாணேயிலிருந்து வந்த ஒரே குடும்பத்தார் நான்கு பேர். கிளம்பிப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் தொடர்பு அறுந்தது. அன்று முழுக்க மேகமும் மழையும் தேடலைத் தடுத்தன. மறுநாள் காலையில்தான் முஸ்டாங் மாவட்டத்தில், சுமார் 14,500 அடி உயரத்து மலைச்சரிவில் சிதறல்களைக் கண்டார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை.

அந்த விமானம் 1979-ல் செய்யப்பட்ட ட்வின் ஆட்டர் ரகம். ‘நாற்பது வருடப் பழைய விமானமா!’ என்று பத்திரிகைகள் எழுதின. விபத்துக்குக் காரணம் விமானத்தின் வயது இல்லை. விசாரணை அறிக்கை சொல்வது இதுதான்: விமானிகள் மேகத்துக்குள் போய்விட்டார்கள், சரியான பாதையைக் கவனித்துப் பிடிக்கத் தவறினார்கள். ‘தரை நெருங்குகிறது’ என்று எச்சரிக்கும் கருவி அப்போது முடக்கி வைக்கப்பட்டிருந்தது. நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த விமானம் மலையில் மோதியது.

இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மறைப்பது சரியில்லை. 2016 பிப்ரவரி 24 அன்று இதே நிறுவனத்தின் இன்னொரு ட்வின் ஆட்டர், இதே வழியில், 23 பேரோடு மலையில் மோதியது. அந்த விமானம் புதியது. அதற்கும் விசாரணை சொன்ன காரணம் மேகம்தான். கண்ணால் பார்த்து ஓட்ட வேண்டிய பயணத்தில், வானிலை சரியில்லை என்று தெரிந்தும் விமானிகள் திரும்பத் திரும்ப மேகத்துக்குள் நுழைந்தார்கள். பழைய விமானம் ஒன்று, புதிய விமானம் ஒன்று. இரண்டுக்கும் முடிவு ஒன்றே.

அதனால் ‘சிறிய விமானம் என்றாலே ஆபத்தா?’ என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. சிறிய விமானம் என்கிற பெயருக்குள் பல ரகம் இருக்கிறது. வார இறுதியில் சொந்தமாக ஓட்டிப் பழகும் ஒற்றை எஞ்சின் செஸ்னாவும் சிறிய விமானம்தான். அமெரிக்காவில் அப்படிப்பட்ட தனியார் விமானங்களுக்கு, ஒரு லட்சம் மணி நேரம் பறந்தால் ஏறக்குறைய ஒரு உயிர்ச்சேத விபத்து என்பது பல ஆண்டுகளாக இருக்கிற கணக்கு. பெரிய ஜெட் விமானங்களோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு அதிகம். உங்கள் பெற்றோர் ஏறப்போவது அந்த ரகம் இல்லை. ட்வின் ஆட்டரில் இரண்டு எஞ்சின், இரண்டு விமானிகள், 19 இருக்கைகள். குட்டையான ஓடுதளத்தில் ஏறி இறங்கவென்றே கனடாவில் உருவாக்கப்பட்டு 1965-ல் முதலில் பறந்த விமானம் அது. மாலத்தீவில் கடல்மேல் இறங்குகிற விமானங்களும் அதே ட்வின் ஆட்டர்தான். நம் மாவட்டத்திலிருந்து அங்கே வேலைக்குப் போன எத்தனையோ பேர் அதில் ஏறியிருப்பார்கள்.

விமானம் ஒன்றே என்றாலும் அது பறக்கிற இடம் வேறு. மாலத்தீவில் மோதுவதற்கு மலை இல்லை. ஜோம்சோமுக்குப் போகும் வழி காளி கண்டகி ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஒரு பக்கம் 8,167 மீட்டர் தவளகிரி, மறுபக்கம் 8,091 மீட்டர் அன்னபூர்ணா. ட்வின் ஆட்டரில் உயரத்திலும் உள்ளே காற்றழுத்தத்தைக் காக்கிற வசதி கிடையாது, அந்த உயரத்துக்கு மேலே ஏறிக் கடக்க அதனால் முடியாது. பள்ளத்தாக்குக்குள்தான் போக வேண்டும். மலையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்டுவதுதான் அங்கே முறை. பார்வை தெளிவாக இருக்கிறவரை அது பழகிய விமானிக்குக் கடினமான வேலை இல்லை. பார்வை போய்விட்டால், திரும்புவதற்கும் இடம் குறைவு.

மேகத்துக்குள் போனால் என்ன ஆகும் என்று மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது அவர்கள் கண்ணை மறைத்து விமானத்தை மெல்லச் சாய்ப்பேன். ‘இப்போது எப்படிப் போகிறோம்?’ என்று கேட்டால் ‘நேராக’ என்பார்கள். கண்ணைத் திறந்து பார்த்தால் ஒரு இறக்கை கீழே தொங்கும். நம் உள்காது மெதுவான திருப்பத்தை உணராது. அடிவானம் தெரியாதபோது உடம்பு சொல்வதை நம்பினால் ஆள் காலி. கருவிகளைப் பார்த்து ஓட்டப் பயிற்சி உண்டு. ஆனால் குறுகிய பள்ளத்தாக்கில், மேகத்துக்கு அந்தப் பக்கம் மலையே நிற்கும்போது, கருவியைப் பார்த்து நேராகப் பறந்தாலும் தப்ப முடியாது.

அப்புறம் காற்று. ஜோம்சோமில் காலை பத்து, பதினோரு மணிக்கு மேல் காற்று எழும். வெயிலில் மேல் முஸ்டாங்கின் வறண்ட நிலம் சூடேற, கீழிருந்து காற்று பள்ளத்தாக்கு வழியாக மேலே இழுக்கப்படுகிறது. ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே நின்றிருப்பீர்கள். இரண்டு பக்கமும் மலை இருக்க, நடுச்சந்தில் காற்று நெருக்கிக்கொண்டு ஆளையே தள்ளுமே, அதே வேலைதான் அங்கே தினமும் மத்தியானம் நடக்கிறது. அதனால்தான் ஜோம்சோம் விமானங்களெல்லாம் காலையிலேயே முடிந்துவிடுகின்றன. இறங்குவதிலும் சிக்கல் உண்டு. 2012 மே 14-ல் அக்னி ஏர் நிறுவனத்தின் டோர்னியர் விமானம் ஜோம்சோம் ஓடுதளத்துக்கு அருகே விழுந்தது. 21 பேரில் 15 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் இந்திய யாத்திரிகர்கள். ஆறு பேர் பிழைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அது ஏன் முக்கியம் என்று பின்னால் வருகிறேன்.

இதிலிருந்து நான் சொல்ல வருவது ஒன்றுதான். அந்த வழியில் உயிரைக் காப்பாற்றுவது விமானத்தைவிட, ‘இன்று போகவில்லை’ என்று ஒரு விமானி சொல்லும் முடிவு. பாதி வழியில் மேகத்தைப் பார்த்ததும் ‘திரும்பிவிடுவோம்’ என்று சொல்லும் முடிவு. அந்த முடிவை எடுப்பது விமானி என்றாலும், அவரை எடுக்கவிடாமல் நெருக்குகிற பல பேரில் பயணிகளும் உண்டு. காலையில் நிலையத்தில் நூறு பேர் காத்திருக்கிறார்கள். ஒரு பொழுது பறக்காவிட்டால் அடுத்த நாள் கூட்டம் இரட்டிப்பாகும். குழுக்காரர் கவுண்டரில் நின்று சத்தம் போடுவார். ‘பத்து மணி நேரமா கிடக்கோம், இன்னைக்குக் கொண்டுபோய் விட்டே ஆகணும்’ என்று நம் ஆட்களே சண்டை பிடிப்பார்கள். நிறுவனத்துக்கும் வருமானம் போகிறது. இத்தனை நெருக்கடிக்கு நடுவே, பள்ளத்தாக்கின் வாயில் மேகத்துக்கு நடுவே ஒரு ஓட்டை தெரிந்தால் ‘போய்த்தான் பார்ப்போமே’ என்று தோன்றுவது மனித இயல்பு. அந்தத் தோன்றலுக்குத்தான் உயிர்கள் போகின்றன.

இதில் நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. உங்கள் குழுவின் நாள் கணக்கை வாங்கிப் பாருங்கள். நம் ஊர்க் குழுக்கள் பொதுவாக திருவனந்தபுரம் வடக்கு, அதாவது பழைய கொச்சுவேளி நிலையத்திலிருந்து ராப்திசாகர் எக்ஸ்பிரஸில் கோரக்பூர் போய், சுனௌலி எல்லையைக் கடந்து பொக்காரா சேரும். இல்லை டெல்லி, காட்மாண்டு வழி. எந்த வழியானாலும், ஜோம்சோமிலிருந்து திரும்புகிற நாளுக்கு மறுநாளே ரயிலோ விமானமோ பதிவாகியிருந்தால் அது ஆபத்தான திட்டம். ஒரு காலை மேகமாக இருந்தால் போதும், மொத்தக் குழுவும் பதறிப்போய் ஏதாவது ஒரு விமானத்தில் ஏறத் துடிக்கும். இடையில் இரண்டு நாள் காலியாக இருந்தால் யாரும் பதற மாட்டார்கள். விமானம் ரத்து என்றால் பொக்காராவில் பேவா ஏரிக்கரையில் நடந்துவிட்டு மறுநாள் காலை மறுபடி வரலாம். ஜோம்சோமில் மாட்டிக்கொண்டாலும் அப்படித்தான். இந்த இரண்டு நாளுக்கு ஆகும் அறை வாடகைதான் இந்தப் பயணத்திலேயே பயனுள்ள செலவு என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

குழுக்காரரிடம் கேட்கும்போது ‘பாதுகாப்பா?’ என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லோரும் ‘ஆமாம்’ என்பார்கள். ‘போன தடவை விமானம் ரத்தானபோது என்ன செய்தீர்கள்?’ என்று கேளுங்கள். ‘ஒரு நாள் தங்கினோம்’ என்றோ ‘ஜீப்பில் போனோம்’ என்றோ சொன்னால் நல்லது. ‘நமக்கு அங்கே ஆள் இருக்கு, எப்படியும் ஏத்தி விட்ருவாங்க’ என்று சொன்னால் அந்த ஆளை நம்பாதீர்கள். விமானக் கட்டணம் திரும்பக் கிடைக்குமா, ஜீப் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

மே மாதக் கடைசியை நான் வேண்டாம் என்பதற்குக் காரணம், அங்கே மழைக்காலம் நெருங்கும் நேரம் அது. 2022 விபத்து நடந்ததும் அதே வாரத்தில்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு இங்கே அடைமழை பெய்யும்போது இமயத்தில் வானம் தெளிந்திருக்கும். அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் வரை என் தேர்வு. குளிர் இருக்கும், கம்பளி எடுத்துக்கொண்டால் தாங்கலாம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இந்தக் காலத்தில் எப்படிக் காணாமல் போகும்?

நம் மாவட்டத்தில் இந்தக் கேள்வியின் கனம் தெரியாதவர்கள் குறைவு. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்து போனபின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக் கரைகளில், கடலுக்குப் போனவர்களுக்காகப் பெண்கள் நின்றதை நாம் பார்த்திருக்கிறோம். இறந்துவிட்டார் என்று தெரிந்தால் அழுது முடிக்கலாம். காணவில்லை என்றால் அழவும் முடியாது. உங்கள் தூக்கம் போனதற்குக் காரணம் விபத்தைவிட ‘காணவில்லை’ என்கிற செய்திதான் என்று உங்கள் கடிதத்தைப் படித்தபோது தோன்றியது.

ரேடார் நேர்கோட்டில்தான் பார்க்கும். மலைக்குப் பின்னால் போன விமானம் அதற்குத் தெரியாது. கடலில் கரையிலிருந்து தூரம் போனாலும் அப்படித்தான். விழுந்தபின் தானாக அபாயச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று விமானத்தில் இருக்கும். அது 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் செயற்கைக்கோளுக்குச் சொல்லும், இந்தியாவில் அந்தச் செய்தி பெங்களூரில் உள்ள இஸ்ரோ மையத்துக்கு வரும். ஆனால் மோதலில் அதன் ஆன்டெனா முறிந்தாலோ, கருவி தண்ணீருக்குள் போனாலோ அந்தச் செய்தி வெளியே வராது. கடலுக்கடியில் ஒலி எழுப்பும் இன்னொரு கருவி உண்டு. 2015 ஜூன் 8-ல் நம் தமிழ்நாட்டுக் கடலில் கடலோரக் காவல்படையின் டோர்னியர் மூன்று பேரோடு காணாமல் போனது. கடற்படையின் சிந்துத்வஜ் நீர்மூழ்கிக்கு அந்த ஒலி கேட்டது. அதை வைத்து அடுத்த மாதமே சிதம்பரத்துக்குக் கிழக்கே, ஏறக்குறைய 950 மீட்டர் ஆழத்தில் விமானத்தைக் கண்டுபிடித்தார்கள். மறு வருடம் ஜூலை 22-ல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் போன விமானப்படையின் ஏஎன்-32, 29 பேரோடு மறைந்தது. அதன் சிதறல்களை சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி 3,400 மீட்டர் ஆழத்தில் படமெடுத்தது 2024 ஜனவரியில்தான் தெரியவந்தது. ஏழரை வருடம். அந்தக் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் ஜோம்சோம் வழியில் அப்படி வருடக்கணக்கில் காணாமல் போவதற்கு வாய்ப்பு குறைவு. பள்ளத்தாக்கு முழுக்கக் கிராமங்கள் உண்டு, கைப்பேசி உண்டு. 2022-ல் வானிலைதான் ஒரு நாளைத் தின்றது.

ஹெலிகாப்டர் மேல் பலருக்கு நம்பிக்கை இருக்கிறது. தனியாக வாடகைக்கு எடுத்தால் ஆபத்து குறையும் என்று நினைக்கிறார்கள். மேகமும் மலையும் அதற்கும் அதேதான். 2025 ஜூன் 15-ல் கேதார்நாத்திலிருந்து திரும்பிய ஹெலிகாப்டர் கௌரிகுண்ட் அருகே விழுந்து ஏழு பேரும் இறந்தார்கள். 2022 அக்டோபரிலும் கேதார்நாத்தில் ஏழு பேர். ஹெலிகாப்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன், அவசர மருத்துவத்துக்குத் தவிர.

அப்படியானால் முழுக்க ஜீப்பில் போனால் என்ன என்று தம்பி கேட்பார். நேபாளச் சாலையை அறியாதவர்கள்தான் அதை முழுப் பாதுகாப்பு என்று நினைப்பார்கள். 2024 ஆகஸ்ட் 23-ல் பொக்காராவிலிருந்து காட்மாண்டு போன யாத்திரைப் பேருந்து மர்ஸ்யாங்டி ஆற்றில் விழுந்து 27 இந்தியர்கள் இறந்தார்கள், பெரும்பாலோர் மகாராஷ்டிர யாத்திரிகர்கள். மழைக்காலத்தில் மண்சரிவு வேறு. ஆனால் மழை ஓய்ந்த மாதத்தில், பகலில் மட்டும், பழகிய உள்ளூர் ஓட்டுநரோடு போவது எனக்குச் சம்மதமே. பெனி வழியாக எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். ஒரே நாளில் போகாமல் தாதோபானியிலோ காலோபானியிலோ இரவு தங்கச் சொல்லுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. பொக்காரா 800 மீட்டர் உயரம், ஜோம்சோம் 2,700, முக்திநாத் 3,700-க்கும் மேல். விமானத்தில் போய் அன்றே கோவிலுக்கு ஏறினால் 68 வயது உடம்புக்கு மூச்சுத் திணறும், தலை வெடிக்கும். படிப்படியாக ஏறினால் உடம்பு பழகிக்கொள்ளும். விமானத்தில் போனாலும் ஜோம்சோமிலோ மார்ஃபாவிலோ ஒரு இரவு தங்கியபின் மேலே போகட்டும். இருவரும் கிளம்பும் முன் இதயமும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்வது அவசியம்.

விமானத்தில் ஏறுகிற நாளுக்குச் சில விஷயங்கள். காலையின் முதல் விமானத்தைக் கேட்டு வாங்குங்கள். எடை கேட்டால் உள்ளதைச் சொல்லட்டும், பூஜைச் சாமான் பையை மறைத்து எடுத்துப் போக வேண்டாம். 2025 பிப்ரவரியில் அலாஸ்காவில் காணாமல் போய் மறுநாள் கடல் பனியின்மேல் கண்டெடுக்கப்பட்ட பெரிங் ஏர் செஸ்னாவில் பத்து பேர் இறந்தார்கள். அது அனுமதித்த அளவைவிட 400 கிலோவுக்கும் மேல் கூடுதல் பாரத்தோடு பறந்ததாகத் தொடக்க விசாரணை சொன்னது. காரணம் அதுதான் என்று அந்த அறிக்கை முடிவு கட்டவில்லை, ஆனால் சிறிய விமானத்தில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு.

விமானம் தரையிறங்கி நிற்கும்வரை பெல்ட்டைக் கழற்ற வேண்டாம். 2012-ல் ஆறு பேர் பிழைத்தார்கள் என்று சொன்னேனே, சிறிய விமான விபத்தில் வேகம் குறைவு என்பதால் பிழைக்க வழி உண்டு. ஸ்வெட்டரும் ஷூவும் பையில் இல்லாமல் உடம்பில் இருக்கட்டும். மருந்து, பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை, கைப்பேசி மூன்றும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

அப்பாவிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் உங்களுக்குப் பெரிய கவலை என்று நினைக்கிறேன். ‘விழுந்துடும்’ என்று பேச வேண்டாம். அவர் நம்பிக்கையோடு மோதவும் வேண்டாம். ‘மே மாசம் வேண்டாம்பா, ஐப்பசியில் போங்க. ரெண்டு நாள் கூடுதலா தங்குங்க. விமானம் இல்லைன்னா ஜீப்புல போங்க’ என்று மட்டும் சொல்லுங்கள். இத்தனை வருடம் காத்திருந்தவர் ஐந்து மாதம் காத்திருப்பார். முக்கியமாக ஒன்றை அவரிடம் வாக்காக வாங்குங்கள்: விமானி போகவில்லை என்று சொன்னால் குழுவில் யார் சத்தம் போட்டாலும் அவர் போடக் கூடாது, முடிந்தால் மற்றவர்களையும் அடக்க வேண்டும். குழுவில் மூத்தவர் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள்.

காப்பீடு எடுக்கும்போது நேபாளத்துக்குள் பறக்கும் உள்நாட்டு விமானமும், 3,000 மீட்டருக்கு மேல் மருத்துவ மீட்பும் சேருமா என்று பத்திரத்தில் பார்த்துவிடுங்கள், முகவர் வாயால் சொல்வது போதாது. குழுக்காரரின் புதிய தேதி வந்ததும் எழுதுங்கள். நாள்வாரித் திட்டத்தையும் அனுப்பினால், எந்த இடத்தில் இடைவெளி போதவில்லை என்று பார்த்துச் சொல்கிறேன்.